நாலாம் மாடிப் பொட்டாசியம்

அந்த ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பேர் சொட்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே வைத்துவிட்டார்கள். ஒரு குப்பியிலிருந்து இன்னொரு குப்பிக்கு எதை மாற்றினாலும் ஒரு சொட்டு கீழே விழாது, அவ்வளவு கைநிதானம். பேர் மெல்ல வீட்டுக்கும் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் புருஷன் விளையாட்டாகக் கூப்பிட்டான். பிறகு அதுவே ஒட்டிக்கொண்டது. முப்பத்து மூன்று வயதில், ஏழு வருட வேலைக்குப் பிறகு, அவளுடைய சொந்தப் பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது.

அவள் பிஎச்டிக்கு விண்ணப்பம் போட்டதற்குக் காரணம் பொட்டாசியம்.

ஆஸ்பத்திரிக்கு ஆறு மாடி. பரிசோதனைக் கூடம் தரைத்தளத்தில். மேலேயிருந்து ரத்தக் குப்பிகளை யாரும் கையில் தூக்கிக்கொண்டு வருவதில்லை. ஒவ்வொரு மாடிக்கும் சுவருக்குள் தனித்தனியாகக் காற்றுக் குழாய் ஓடுகிறது. நர்ஸ் குப்பிகளை முழங்கை நீள டப்பாவில் அடைத்துக் குழாய்க்குள் வைத்துப் பொத்தானை அழுத்தினால், டப்பா உஸ்ஸென்று ஓடிவந்து சொட்டுவின் மேசைக்குப் பக்கத்துக் கூடையில் டொப்பென்று விழும். ஒரு நாளைக்கு இருநூறு டொப்பாவது கேட்கும்.

போன வருடம் ஒரு விஷயம் அவள் கண்ணில் பட்டது. நாலாம் மாடியிலிருந்து வரும் ரத்தத்தில் மட்டும் அவ்வப்போது பொட்டாசியம் எகிறியது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும் என்பதால் மேலே டாக்டர்கள் பதறிப்போய் மருந்து கொடுப்பார்கள். மறுபடி ரத்தம் எடுத்து, அவசரத்துக்கு யாராவது அதைக் கையோடு கீழே கொண்டுவந்தால் அளவு சரியாக இருக்கும். மருந்து கேட்டுவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். சொட்டுவுக்கு மட்டும் உறுத்தியது. மருந்து அவ்வளவு சீக்கிரம் கேட்காதே?

ஒரு பழைய நோட்டில் குறிக்க ஆரம்பித்தாள். எந்த மாடி, எத்தனை மணி, எப்படி வந்தது, என்ன நிறம். மூன்று மாதத்தில் நோட்டு பாதி நிறைந்தது. எகிறிய குப்பிகளிலெல்லாம் மேலே தெளிந்து நிற்கும் நீர் லேசான ரோஸ் நிறத்தில் இருந்தது. சிவப்பணு உடைந்தால்தான் அந்த நிறம் வரும். உடைந்தால் அதற்குள் இருக்கும் பொட்டாசியமும் வெளியே கொட்டும். அப்படியென்றால் நோயாளிக்கு ஒரு கேடும் இல்லை. ரத்தம்தான் வரும் வழியில் எங்கேயோ அடிபடுகிறது.

எங்கே என்பதுதான் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க வழி சொன்னது அவள் புருஷன். அவன் லிஃப்ட் மெக்கானிக்.

"லிஃப்ட் குலுங்குதுன்னு புகார் வந்தா நாங்க என்ன பண்ணுவோம்? போனைத் தரையில வெச்சு மேலயும் கீழயும் ஓட்டுவோம். எந்த இடத்துல ஆடுதுன்னு அது கோடு போட்டுக் காட்டிடும். உன் டப்பாவுக்குள்ளயும் ஒரு போனைப் போட்டு அனுப்பேன்."

"யார் போனை?"

"ஏன் என்னை அப்படிப் பார்க்கிற?"

அவனுடைய பழைய போன் நாலாம் மாடியில் குழாய்க்குள் போய், கண்ணாடி குறுக்கே கீறலோடு கீழே வந்து விழுந்தது. ஆனால் கோடு கிடைத்தது. வழி முழுக்கச் சின்னச் சின்ன மேடு. இரண்டாம் மாடி வளைவில் மட்டும் ஒரு மலை.

பராமரிப்புக்காரர்கள் கோட்டைப் பார்த்துவிட்டு, போன் அடிபட்டதற்காகச் சுவரைத் திறக்க முடியாது, ரத்தம் அடிபடுகிறது என்று காட்டு என்றார்கள். சொட்டு நாலாம் மாடிக்குப் போய் நர்ஸிடம் தன் கையிலிருந்து இரண்டு குப்பி ரத்தம் எடுக்கச் சொன்னாள். ஒன்றைக் குழாயில் அனுப்பினாள், இன்னொன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியில் இறங்கி வந்தாள். குழாயில் வந்த ரத்தத்தின்படி அவள் அந்நேரம் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்க வேண்டும். பிறகு முறைப்படி எழுதிக் கேட்டுப் பன்னிரண்டு பேரின் ரத்தத்தை அதே மாதிரி அனுப்பிப் பார்த்தார்கள். முதலில் கையை நீட்டியவர் ஸ்டோர்காரர். பஞ்சு, கையுறை, குப்பி எல்லாம் அவர் பொறுப்பு. ஓய்வுபெற மூன்று வருடம் பாக்கி. பேச ஆரம்பித்தால் கமாகூடப் போடமாட்டார் என்று கூடத்தில் எல்லோருக்கும் அவரிடம் ஒரு பயம்.

சுவரைத் திறந்தார்கள். வளைவில் குழாயின் இணைப்பு ஒரு விரற்கடை விலகியிருந்தது. சரிசெய்த அன்றோடு நாலாம் மாடிப் பொட்டாசியம் அடங்கியது.

மறுவாரம் கூடத்தின் தலைவி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். டாக்டர் அதிகம் பேசுகிறவர் இல்லை. நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சொட்டு, உனக்கு இங்க போர் அடிக்குதா?"

"இல்ல டாக்டர். ஏன்?"

"போர் அடிக்காமலேயே இதைப் பண்ணியிருக்கேன்னா இன்னும் மோசம். நீ பிஎச்டி பண்ணு. ஆறு இடத்துல விண்ணப்பம் கேட்டிருக்காங்க. நான் லெட்டர் தர்றேன். இன்னும் ரெண்டு பேர்கிட்ட வாங்கிக்க."

"முப்பத்து மூணு வயசுலயா டாக்டர்?"

"பண்ணலேன்னா மட்டும் முப்பத்து நாலு ஆகாம நின்னுடுமா?"

சொட்டு நோட்டை வாங்கிக்கொண்டு வந்தாள்.

*

விண்ணப்பத்தில் பெரிய தலைவலி, 'ஏன் படிக்க விரும்புகிறேன்' என்ற இரண்டு பக்கக் கட்டுரைதான். மற்றதெல்லாம் மதிப்பெண், தேதி, சான்றிதழ். இது மட்டும் வெள்ளைத்தாளாக முறைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து எழுதினாள். மத்தியானம் அதை மாமியாரிடம் கொடுத்தாள். மாமியார் பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் தட்டச்சராக இருந்தவர். வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகையிலேயே பிழை திருத்துவார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"'சிறு வயது முதலே உயிரின் மர்மங்கள் என்னை ஈர்த்து வந்துள்ளன.'" நிமிர்ந்து பார்த்தார். "சின்ன வயசுல நீ மண்ணைத் தின்னுட்டு இருந்தேன்னு உங்க அம்மா சொன்னாங்க."

"அத்தை, எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க."

"'மானுட குலத்தின் துயர் துடைக்கும் பெரும்பணியில், என்னால் இயன்ற, சிறு பங்கை, ஆற்றிட...' ஏம்மா, இதுல எத்தனை கமா! முப்பது வருஷம் அடுத்தவங்க எழுதினதை அடிச்சிருக்கேன். மனசுல இல்லாததை எழுதுறவங்கதான் இப்படிக் கமா போடுவாங்க. எங்கயாவது நிக்கணும்ல, மூச்சு வாங்க."

சொட்டுவுக்கு முகம் சுருங்கியது. தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். பாத்திரம் கழுவும் சத்தம் தேவைக்கு மேல் கேட்டது. சமாதானப்படுத்தப் போன புருஷன், கொஞ்ச நேரத்தில் ஈரக் கையோடு திரும்பி வந்தான். கழுவச் சொல்லியிருக்கிறாள்.

மாமியார் விடவில்லை. எழுந்துபோய் அடுக்களை வாசலில் நின்றார்.

"கோவிச்சுக்காதே. என் பையன் போனைக் குழாய்க்குள்ள போட்டு உடைச்சியே, அதை ஏன் எழுதல?"

"அது குழாய் ரிப்பேர் அத்தை. அதைப் போய்ப் பெரிய பெரிய புரொஃபசருங்க கிட்ட எழுதினா சிரிப்பாங்க."

"அன்னைக்கு நீ வந்து சொன்னப்ப நாங்க சிரிச்சோமா? சோறு ஆறுறது தெரியாம கேட்டுட்டு இருந்தோம். உன் பெரும்பணியைக் கேட்டா எனக்குத் தூக்கம்தான் வருது."

அன்று சாயங்காலம் சொட்டு மறுபடி உட்கார்ந்தாள். இந்தத் தடவை வீட்டுக் கூடத்து மேசையிலேயே, டி.வி. ஓடிக்கொண்டிருக்க. 'நாலாம் மாடி நோயாளிகளுக்கு மட்டும் பொட்டாசியம் ஏன் ஏறுகிறது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது' என்று ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு பேனா நிற்கவில்லை. தவறான எண்ணை நம்பி, சரியாக இருந்த ஒரு மனிதருக்கு மருந்து கொடுத்ததைப் பார்த்தபோது என்ன நினைத்தாள் என்பதை எழுதினாள். இன்னும் எத்தனை எண்கள் இப்படி வழியில் அடிபட்டு வருகின்றனவோ, அவற்றைக் கண்டுபிடிக்கும் முறைகளைப் படிக்க வேண்டும் என்று முடித்தாள். நாலு பக்கம் வந்தது. மாமியார் சிவப்புப் பேனாவோடு இரண்டு பக்கமாக்கினார். ஒவ்வொரு வரியை வெட்டும்போதும் இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். ஸ்டோர்காரரைப் பற்றிய பத்தி முழுதாகப் போனது. சொட்டுவுக்கு அதில்தான் வருத்தம்.

*

இரண்டாவது சிபாரிசுக் கடிதத்தை நாலாம் மாடி இதய மருத்துவர் கேட்டதுமே கொடுத்துவிட்டார். மூன்றாவதற்குக் கல்லூரியில் அவளுக்குப் பாடம் எடுத்த உயிர்வேதியியல் பேராசிரியரிடம் போனாள். பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. அவர் அறையில் அதே நாற்காலி, அதே புத்தகக் குவியல், குவியலின் உயரம் மட்டும் கூடியிருந்தது.

"ஞாபகம் இருக்கு, ஞாபகம் இருக்கு," என்றார், ஞாபகம் இல்லாத குரலில். "நீயே ஒண்ணு எழுதிக் கொண்டா. நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டுடுறேன்."

தன்னைப் பற்றித் தானே சிபாரிசு எழுதுவது எப்படி? சொட்டு மூன்று நாள் கஷ்டப்பட்டாள். நல்ல மாணவி என்று எழுதக் கை கூசியது, 'பரவாயில்லாத மாணவி' என்று மாற்றினாள். திறமைசாலி என்பதை அடித்துவிட்டு 'சொன்ன வேலையைச் செய்வார்' என்று போட்டாள். கடைசியில் ஒரு பக்கம் தேறியது. கொண்டுபோய்க் கொடுத்தாள். பேராசிரியர் படிக்கப் படிக்க அவர் புருவம் மேலேறியது.

"இது யாரைப் பத்தி?"

"என்னைப் பத்திதான் சார்."

"இதைப் படிச்சா எனக்கே உன் மேல நம்பிக்கை போயிடும் போலிருக்கே. 'தாமதமாக வருவது அரிது.' இதெல்லாம் ஒரு சிபாரிசா? வாட்ச்மேன் வேலைக்குக்கூட இதைவிட நல்லா எழுதுவாங்கம்மா!"

சொட்டு தலையைக் குனிந்துகொண்டாள். அவர் தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார்.

"இரு. நீ அந்த எரிவிளக்குப் பொண்ணுதானே? பரீட்சை அன்னைக்கு கேஸ் கசியுதுன்னு சொல்லி மொத்த லேபையும் வெளிய நிறுத்தினவ?"

"ஆமா சார்."

"அன்னைக்கு உன் மேல எனக்கு எவ்வளவு கோவம் தெரியுமா! நிஜமாவே கசிஞ்சிருந்தது, அது வேற விஷயம். அந்தப் புத்தகத்தைத் தூக்கு, அடியில நல்ல தாள் இருக்கும். உட்காரு. இந்தப் பத்து வருஷமா என்ன பண்ணினேன்னு ஒண்ணு விடாம சொல்லு. நானே எழுதுறேன்."

ஒன்றரை மணி நேரம் கேட்டார். போன் கதையில் மேசையைத் தட்டிச் சிரித்தார். கடிதத்தில் என்ன எழுதினார் என்று அவளிடம் காட்டவில்லை. ஆறு இடத்துக்கும் அவரே அனுப்பிவிட்டார்.

*

விண்ணப்பங்கள் போன பிறகு ஒரு விசித்திரமான காலம் ஆரம்பித்தது. சொட்டு ஒரு நாளைக்கு முப்பது தடவை மின்னஞ்சலைத் திறந்து பார்த்தாள். மாமியார் அவளிடம் எதுவும் கேட்பதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டு, மகனிடம் கேட்டார். அவன் அவளிடம் கேட்டான்.

முதலில் ஓர் இடத்திலிருந்து 'வருந்துகிறோம்' வந்தது. அடுத்த வாரம் ஒரே நாளில் இரண்டு 'வருந்துகிறோம்'. "இத்தனை பேர் நமக்காக வருத்தப்படுறாங்களே," என்றான் புருஷன். அவள் சிரித்துவிட்டுப் பாத்ரூமுக்குள் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். நாலாவது இடம் பதிலே போடவில்லை. இன்றுவரை போடவில்லை.

ஐந்தாவது இடத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். கணினித் திரையில் ஐந்து பேர், ஐந்து பேரும் கறுப்புச் சட்டை.

"பத்து வருஷம் கழிச்சு உங்களை எங்க பார்க்கிறீங்க?"

"இங்கதான் சார். சொந்த வீடு."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவளுக்குக் கேள்வியின் அர்த்தம் உறைத்தபோது அடுத்த கேள்விக்குப் போய்விட்டிருந்தார்கள். பக்கத்து அறையில் புருஷன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். அதற்காக இரண்டு நாள் அவனோடு அவள் பேசவில்லை. மூன்றாம் நாள் நினைத்துக்கொண்டு அவளே சிரித்துவிட்டாள். நாலாவது 'வருந்துகிறோம்' வந்தபோது யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

பாக்கி ஆறாவது இடம் மட்டும். ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் பல்கலைக்கழகம். அங்கேயும் நேர்காணல். வியாழக்கிழமை காலை பதினொரு மணி, திரையில்தான்.

அன்றைக்கு லீவு சொல்லியிருந்தாள். ஆனால் கூடவே வேலை பார்க்கும் பெண்ணுக்குக் காய்ச்சல். டாக்டருக்கு நிர்வாகக் கூட்டம். பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரியிலேயே, உறைபெட்டி அறைக்கு அடுத்த சின்ன அறையில், மடிக்கணினியைத் திறந்து வைத்து உட்கார்ந்தாள். மேசை மேலிருந்த கையுறைப் பெட்டிகளை ஸ்டோர்காரர் எடுத்துக் கீழே அடுக்கி, சுவரில் மாட்டியிருந்த கோணல் காலண்டரை நிமிர்த்தி வைத்தார்.

"தங்கச்சி, நான் வெளியதான் நிக்கிறேன். ஒரு ஈ, எறும்பு உள்ள வராது."

திரையில் மூன்று பேர் வந்தார்கள். நடுவில் கட்டைக் குரலில் பேசும் பேராசிரியை. ஒரு பக்கம் நரைத்த தாடிப் பேராசிரியர். இன்னொரு பக்கம் காதில் பெரிய ஹெட்ஃபோனோடு ஓர் இளைஞர், அவரும் ஆசிரியர்தான். முதல் பத்து நிமிஷம் நன்றாகவே போனது. பேராசிரியை போன் கதையைக் கேட்டார். சொட்டு அந்தக் கோட்டைக் காகிதத்தில் வரைந்து திரைக்கு நேராகப் பிடித்தாள்.

அப்போது பக்கத்து அறையில் அலாரம் அடித்தது. மைனஸ் எண்பது டிகிரி உறைபெட்டியின் அலாரம். விட்டு விட்டு, காதைத் துளைக்கிற மாதிரி. அதற்குள் நாலு வருடமாகச் சேர்த்த ரத்த மாதிரிகள் இருந்தன. சிறுநீரகக் கோளாறு உள்ள குழந்தைகளுடைய ரத்தம். உருகினால் மறுபடி கிடைக்காது. எந்த அடுக்கு எங்கே போக வேண்டும் என்று கட்டடத்தில் தெரிந்தது மூன்று பேருக்கு. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குக் கூட்டம்.

சொட்டு யோசித்ததாகவே தெரியவில்லை. "மன்னிக்கணும். உறைபெட்டி நின்னுபோச்சு. மாதிரிகளை மாத்தணும். பத்து நிமிஷம்," என்று எழுந்தாள். கதவு வரைக்கும் போனவள் திரும்பி, "காத்திருக்க முடியலேன்னா பரவாயில்ல. எனக்குப் புரியும்," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அப்புறம் அந்த அறையில் நடந்தது அவளுக்குத் தெரியாது. தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் அடுக்காக உருவிப் பக்கத்துக் காலி உறைபெட்டியில் வைத்தாள். அவளுடைய மூக்குக் கண்ணாடி மேல் பனி படிந்தது. இருபத்து நாலு அடுக்கு. கடைசி அடுக்கை வைத்துக் கதவைச் சாத்தி, முள் மைனஸ் எழுபதுக்குக் கீழே இறங்குவதைப் பார்த்த பிறகுதான் மணியைப் பார்த்தாள். பதினாலு நிமிஷம் ஆகியிருந்தது.

சின்ன அறைக்கு வெளியே வந்தபோது உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. அவளுடைய நாற்காலியில் ஸ்டோர்காரர் உட்கார்ந்திருந்தார்.

"...அது என் ரத்தம்ங்க! இந்தக் கையிலதான் எடுத்தாங்க. ரெண்டு குப்பி. ஒண்ணு குழாயில போச்சு, ஒண்ணு படியில வந்துச்சு. குழாயில வந்ததைப் பார்த்துட்டு டாக்டர் சொல்றாங்க, அண்ணே, கணக்குப்படி நீங்க உயிரோட இல்லைன்னு! நான் சொன்னேன், அப்ப இன்னைக்கு எனக்கு லீவு குடுங்கன்னு!"

திரையில் பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஹெட்ஃபோன்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே!"

"வந்துட்டீங்களா? சும்மா உட்கார்ந்திருந்தாங்க பாவம், அதான் நான் ஒரு வார்த்தை..." என்று எழுந்து, திரையைப் பார்த்துப் பெரிய கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

தாடிப் பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. அவள் உட்காரும்வரை பொறுத்திருந்து கேட்டார்.

"ஆளுங்ககிட்ட ரத்தம் எடுத்து ஆராய்ச்சி பண்ணியிருக்கீங்க. நெறிமுறைக் குழுகிட்ட அனுமதி வாங்குனீங்களா?"

அறை திடீரென்று சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. "பன்னண்டு பேருக்கும் வாங்கினோம் சார். இப்ப பேசினவர்கிட்ட ரத்தம் எடுத்தது அதுக்கப்புறம்தான்."

"அதுக்கு முன்னாடி?"

வாங்கினோம் என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொட்டு கையுறையைக் கழற்றி மேசை மேல் வைத்தாள்.

"அதுக்கு முன்னாடி ஒரு நாள், என் ரத்தத்தை மட்டும் எடுத்து அனுப்பிப் பார்த்தேன். அதுக்கு வாங்கல. என் ரத்தம்தானேன்னு நினைச்சேன். எங்க டாக்டருக்குத் தெரிஞ்சதும் திட்டினாங்க. அப்புறம்தான் அனுமதி கேட்டு எழுதினேன்."

"தப்புன்னு ஒத்துக்கிறீங்களா?"

"அவசரப்பட்டேன் சார். தப்புதான்."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு இரண்டு கேள்விதான்; நன்றி சொல்லித் திரையை அணைத்துவிட்டார்கள்.

ஸ்டோர்காரர் கதவோரத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "எப்படிப் போச்சு தங்கச்சி? நல்ல ஆளுங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது."

"உங்களை அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது அண்ணே," என்றாள் சொட்டு. "சீட்டு உங்களுக்குத்தான் கிடைக்கும் போலிருக்கு."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னாள். எழுந்து ஓடியது, ஸ்டோர்காரர், தாடிக்காரர் கேள்வி. மாமியார் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ரத்தம் உருகலையே?"

"இல்ல அத்தை."

"அப்ப சாப்பிட வா."

*

மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. சொட்டு மனசைத் தேற்றிக்கொண்டாள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றாள், ஒருவரும் கேட்காமலேயே. பழுதான உறைபெட்டிக்குப் புது மோட்டார் வந்தது. அவளே நின்று அடுக்குகளைத் திரும்ப மாற்றினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், தெரியாத எண்ணிலிருந்து போன். எடுத்தால் கட்டைக் குரல்.

"மெயில் பார்த்தீங்களா?"

"இல்ல மேடம். வேலையில இருந்தேன்."

"சரி, நானே சொல்லிடுறேன். உங்களை எடுத்திருக்கோம். என் லேப்லதான். ரெண்டுக்கு ஒண்ணுன்னு முடிவாச்சு."

சொட்டு கையிலிருந்த குப்பியை மேசையில் வைத்தாள். வாயில் வந்த வார்த்தை, "ஒண்ணு யார் மேடம்?"

பேராசிரியை சிரித்தார். "நீங்க நினைக்கிற ஆள் இல்ல. அவர் உங்களுக்காகச் சண்டையே போட்டார். கேட்காத வரைக்கும் தப்பை யாரும் சொல்லமாட்டாங்க, இந்தப் பொண்ணு கேட்டதும் சொன்னாங்கன்னு. நேர்காணலை விட்டுட்டு ஓடினது சரியில்லைன்னு நினைச்சவர் ஹெட்ஃபோன் போட்டவர். வந்து அவர்கிட்டதான் நீங்க புள்ளியியல் படிக்கணும். பயப்படாதீங்க, நல்லா சொல்லிக்குடுப்பார்."

போனை வைத்ததும் சொட்டு முதலில் புருஷனைக் கூப்பிட்டாள். அவன் எங்கேயோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் நின்றுகொண்டிருந்தான்.

"கிடைச்சிடுச்சுங்க."

"என்ன கிடைச்சிடுச்சு?"

"சீட்டு!"

அவன் போட்ட கூச்சல் லிஃப்ட் குழியில் ஏழு மாடிக்கும் எதிரொலித்து, ஏதோ விபத்து என்று காவலாளி ஓடிவந்தானாம். மாமியாருக்குப் போன் போட்டபோது மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அத்தை? இருக்கீங்களா?" என்று கேட்டாள். "இருக்கேன், இருக்கேன். கண்ணாடியைக் காணோம், தேடுறேன்," என்றார். டாக்டர் மட்டும் "தெரியும்" என்று சொல்லிவிட்டு நுண்ணோக்கியில் குனிந்துகொண்டார். ஐந்து நிமிஷம் கழித்து வெளியே வந்து, அவள் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனார். ஸ்டோர்காரர் அன்று சாயங்காலத்துக்குள் ஆறு மாடியிலும் சொல்லி முடித்துவிட்டார். அவர் சொன்ன கதையில் நேர்காணலின் முக்கால்வாசி அவருடையது.

வகுப்பு தொடங்கிய அன்று சொட்டு முதல் ரயிலில் போனாள். கட்டடம் பெரியது, தாழ்வாரங்கள் எல்லாம் ஒரே மாதிரி. அறை எண் இருநூற்றுப் பதினாறைத் தேடி இரண்டு சுற்றுச் சுற்றியும் இருநூற்றுப் பதினைந்துக்கு அடுத்து மாடிப்படிதான் வந்தது. படிக்கட்டில் இருபத்து இரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பையை அணைத்துக்கொண்டு அழாத குறையாக நின்றிருந்தாள்.

"மேடம், இருநூத்திப் பதினாறு எங்க இருக்கு? முதல் நாளே லேட்டா போனா நல்லா இருக்காது."

"மேடமெல்லாம் இல்ல. நானும் உங்க பேட்ச்தான்," என்றாள் சொட்டு. "நானும் அதைத்தான் தேடுறேன்."

அந்தப் பெண் நம்பாமல் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்தது. "அப்பாடா! நான் மட்டும்தான் தொலைஞ்சுட்டேன்னு நினைச்சேன். உங்களை எப்படிக் கூப்பிடறது, அக்கான்னா?"

சொட்டு ஒரு கணம் யோசித்தாள். பிறகு, ஏழு வருடமாக வருகைப் பதிவேட்டில் மட்டுமே இருந்த தன் சொந்தப் பேரைச் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே அது புதுப்பேர் மாதிரி கேட்டது.

"நல்லா இருக்கே," என்றாள் அந்தப் பெண்.

"வாங்க, மேல போய்ப் பார்ப்போம்," என்றாள் சொட்டு. இரண்டு பேரும் படியேறி ஓடினார்கள்.